நாட்சம்பளம் ஏறியது, மாதச் சம்பளம் ஏறியதா? தேயிலைத் தோட்டத்துக் கூலிக் கணக்கு

நாளுக்கு 1,350 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 33,750 ரூபாய். நாளுக்கு 1,550 ரூபாய், மாதம் 21 நாள் வேலை. மொத்தம் 32,550 ரூபாய். நாட்சம்பளம் 200 ரூபாய் ஏறியும் மாத முடிவில் 1,200 ரூபாய் குறைகிறது. இலங்கை மலையகத்தில் ஒவ்வொரு சம்பள உயர்வுக்குப் பிறகும் "கூட்டினாங்கன்னு சொன்னாங்க, கையில காணலியே" என்ற பேச்சு வருவது இதனால்தான். பேச்சுவார்த்தை மேசையில் ஒரு எண் பேசப்படுகிறது. தோட்டத்தில் நான்கு எண்கள் சேர்ந்து சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன: நாட்சம்பளம், மாதத்தில் எத்தனை நாள் வேலை, ஒரு பேருக்கு (ஒரு முழு நாள் வேலைப் பதிவுக்கு) எத்தனை கிலோ கொழுந்து, அந்தத் தொகையில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம். முதல் எண்ணுக்காக மட்டும் போராடினால் மற்ற மூன்றின் வழியாகப் பணம் திரும்பப் போய்விடும்.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2013 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 620 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 450, வருகைக் கொடுப்பனவு 140, விலைப்பங்குக் கொடுப்பனவு 30. வருகைக் கொடுப்பனவு எல்லோருக்கும் கிடைக்காது. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்திருக்க வேண்டும். 25 நாள் வேலை கொடுத்த மாதத்தில் 19 நாள் வந்தவருக்கு 11,780 ரூபாய். 18 நாள் வந்தவருக்கு 8,640. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் நின்ற தாய்க்கு அந்த ஒரு நாளின் விலை 3,140 ரூபாய்.

2016 ஒக்டோபர் ஒப்பந்தத்தில் 730 ரூபாய். அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. கிலோ குறைந்த நாளில் 140 போய்விடும். அப்போது 730 என்பது 590 தான். 2019 ஜனவரியில் அடிப்படை 700, விலைப்பங்கு 50, மொத்தம் 750. 730 இலிருந்து 750, வெறும் 20 ரூபாய் கூட்டினார்கள் என்று இந்த ஒப்பந்தத்தை அப்போது பலர் திட்டினார்கள். 1,000 ரூபாய் கேட்டு 2018 ஒக்டோபரில் கொழும்புக் காலிமுகத்திடல் வரை போய் நின்ற இளைஞர்களுக்கு அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அடிப்படை ஒரேயடியாக 200 ரூபாய் ஏறியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதியும் வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடையும் கணக்கிடப்படுவது அடிப்படையிலிருந்து. அந்த ஒப்பந்தத்தை மொத்தத் தொகையை மட்டும் வைத்து எடைபோட்டது சரியில்லை என்பது என் கருத்து.

பிறகு கூட்டு ஒப்பந்தமே உடைந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாய் சம்பளம், 100 ரூபாய் வரவுசெலவு நிவாரணப்படி, மொத்தம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி (அரசின் சட்ட அறிவித்தல்) வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, தடை கிடைக்கவில்லை. 2024 மே மாதம் 1,350 உடன் 350 சேர்த்து 1,700 என்ற வர்த்தமானி வந்தபோது உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படை 1,350 என்று முடிந்தது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தருவதாகவும் அறிவித்தார்கள். சேர்த்தால் 1,750. நாட்டின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200 ரூபாய். ஆகவே தோட்டத்து நாட்சம்பளம் சட்டக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் மாதம் 18 நாள் மட்டும் வேலை கிடைத்தால் 1,550 படி 27,900 தான் வரும். நாள் கணக்கில் மேலே இருப்பவர் மாதக் கணக்கில் கோட்டுக்குக் கீழே விழுகிறார்.

2021 வர்த்தமானி நாட்சம்பளத்தைச் சொன்னது. ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று சொல்லவில்லை. கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் கிலோவைத் தோட்ட மட்டத்தில் சங்கத் தலைவர்மாரோடு பேசித் தீர்ப்பார்கள், வருடத்துக்கு 300 நாள் வேலை என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. ஒப்பந்தம் போனதும் இந்த இரண்டும் ஆதாரமில்லாமல் நின்றன. அதே 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. உரமில்லாத செடி கொழுந்து தராது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோ, 2022 இல் ஏறக்குறைய 25 கோடி கிலோ. மலையில் கொழுந்து குறைந்த அந்த நேரத்தில்தான் பல தோட்டங்களில் 16, 18 கிலோ என்று இருந்தது 20 ஆனது, சில இடங்களில் அதற்கும் மேலே போனது. எட்டாதவருக்கு அரைப்பேர். 1,000 ரூபாய் சம்பளம் 500 ரூபாயாகக் கையில் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட 70 வீதத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது. அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் ஏறிய காலத்தில் 1,000 ரூபாய் 2024 வரை அசையவில்லை.

கிலோ ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நாட்சம்பளத்தைப் பேருக்கான கிலோவால் வகுக்க வேண்டும். 1,350 ஐ 18 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 75 ரூபாய். 1,550 ஐ 20 ஆல் வகுத்தால் 77 ரூபாய் 50 சதம். நாட்சம்பளம் கிட்டத்தட்ட 15 வீதம் ஏறியது போலத் தெரிந்தாலும், பறித்த கிலோவுக்கு ஏறியது 3 வீதம்தான். 21 கிலோ ஆக்கினால் 73 ரூபாய் 80 சதம், பழைய விலையைவிடக் குறைவு. சம்பளம் உயர்ந்தது என்று செய்தி வந்த மாதத்தில் தோட்டத்துத் தலைவர் முதலில் கேட்க வேண்டியது "பேருக்கு இனி எத்தனை கிலோ?" என்பதைத்தான். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வாயால் சொல்லும் எண் அடுத்த மாதம் மாறும்.

பேருக்கான கிலோ ஒரே எண்ணாக வருடம் முழுதும் இருப்பதும் தவறு. மேற்குப் பக்க மலைகளில் ஏப்ரல், மே மாதம் கொழுந்து குவியும். ஜூன் முதல் அடைமழை. ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வெயிலும் மாறி மாறி அடித்து கொழுந்து சுருங்கும். கவ்வாத்து (செடியைத் தாழ வெட்டுவது) வெட்டி இரண்டு மூன்று வருடம் ஆன மலையில் 25 கிலோ சாதாரணம். அடுத்த கவ்வாத்துக்குக் காத்திருக்கும் பழைய மலையில் 14 கிலோவே கஷ்டம். ஏழு நாளைக்கு ஒரு முறை பறிக்க வேண்டிய மலையை ஆளில்லாமல் பன்னிரண்டு நாள் விட்டால் இலை முற்றிவிடும், அதைத் தொழிற்சாலை எடுக்காது, கழிவாக வெட்டுவார்கள். ஆகவே மலை வாரியாக, மாதம் வாரியாகக் கிலோ குறிக்கச் சொல்ல வேண்டும். எளிய வழி ஒன்று இருக்கிறது. அன்று அந்த மலையில் பறித்த எல்லோருடைய கிலோவையும் கூட்டி ஆட்களால் வகுத்தால் சராசரி வரும். 30 பேர் பறித்த மலையில் சராசரி 15 கிலோ என்றால் அங்கே 20 கிலோ கேட்பது நியாயமில்லை. 30 பேரும் ஒரே நாளில் சோம்பியிருக்க முடியாது.

அடுத்து நிறுவை. கூலி பற்றிய விவாதம் கொழும்பில் நடக்கும்போது யாரும் தராசைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கூலி உண்மையில் கசியும் இடம் அதுதான். நாளில் மூன்று முறை நிறுப்பார்கள். ஒவ்வொரு முறையும் சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கழிப்பார்கள். முறைக்கு 2 கிலோ கழித்தால் நாளுக்கு 6 கிலோ, 22 நாளுக்கு 132 கிலோ. மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய் என்று வைத்துப் பார்த்தாலும் மாதம் 6,600 ரூபாய். அதைவிடப் பெரிய நட்டம், அந்த 6 கிலோவால் முழுப்பேர் அரைப்பேர் ஆவது. 20 கிலோ கேட்கும் தோட்டத்தில் 25 கிலோ பறித்தவர் 19 கிலோ எழுதப்பட்டு, 1,550 க்குப் பதில் 775 ரூபாயோடு வீட்டுக்குப் போகிறார்.

கழிவு முழுக்க மோசடி என்று சொல்ல முடியாது. மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியது அளவு. வெறும் சாக்கைத் தராசில் மாட்டிப் பாருங்கள், அது என்ன நிறையோ அதை மட்டும் கழிக்கலாம். வெயில் நாளில் ஈரத்துக்கு ஒரு கிராமும் கழிக்க இடமில்லை. பல தோட்டங்களில் மழைக்கு வைத்த கழிவு வெயிலிலும் அப்படியே தொடர்கிறது. இலத்திரனியல் தராசு வந்த பிறகு புதிதாக ஒரு பழக்கம் முளைத்திருக்கிறது: 6.8 என்று காட்டினால் 6 என்று எழுதுவது. சராசரி அரைக் கிலோ, மூன்று முறை, 22 நாள் என்றால் 33 கிலோ. புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் எழுதச் சொல்லுங்கள், அல்லது மூன்று நிறுவையையும் கூட்டிய பிறகு ஒரே ஒரு முறை முழு எண்ணாக்கச் சொல்லுங்கள். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் அந்த வருட முத்திரை இருக்க வேண்டும். இல்லாத தராசில் நிறுப்பது சட்டப்படி குற்றம். மலையில் நிறுத்த மொத்தத்தையும் தொழிற்சாலையில் மறுபடி நிறுத்த மொத்தத்தையும் ஒப்பிட்டுக் காட்டும்படி மாதம் ஒரு முறை கேட்பதும் நல்லது. நாலரைக் கிலோவுக்குச் சற்று மேலான பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை வரும். மலையில் "கழித்த" கொழுந்து தொழிற்சாலையில் தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது என்றால், அதன் கூலி எங்கே போனது என்று கேட்கத் தொழிலாளிக்கு முழு உரிமை உண்டு.

ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பது கட்டாயம். திகதி, மலை எண், மூன்று நிறுவை, கழிவு, முழுப்பேரா அரைப்பேரா என்று ஐந்து விஷயம் எழுத வேண்டும். வேலை கேட்டுப் போய் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய நாளையும் எழுத வேண்டும், பலர் விடுவது இதைத்தான். வருகைக் கொடுப்பனவுக்கு முன்பு போல வேலை கொடுத்த நாளை வைத்து வீதம் பார்த்தால், திருப்பி அனுப்பிய நாள் "வராத நாள்" ஆகிவிடும். எழுத்து வராத அம்மாமாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அன்றிரவே எழுதிக் கொடுக்கலாம்.

சம்பளச் சீட்டைப் பார்க்கும் முறைக்கு வருவோம். பல தோட்டங்களில் அது ஆங்கிலத்தில், தலைப்புகளைச் சுருக்கி வருகிறது. முதலில் பேர் எண்ணிக்கையைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். அடுத்து ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் வேலைக்கு ஒன்றரை மடங்கு விழுந்திருக்கிறதா பாருங்கள், 1,550 க்கு அது 2,325. பிறகு ஊழியர் சேமலாப நிதி. 22 பேருக்கு 34,100 ரூபாய் என்றால் தொழிலாளியின் 8 வீதம் 2,728, தோட்டத்தின் 12 வீதம் 4,092, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் கட்டும் 3 வீதம் 1,023. சீட்டில் வெட்டிய தொகை நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் தோட்டத்துக்குத் தண்டக் கட்டணம் உண்டு. நிதியில் இருக்கும் மீதியை வருடத்துக்கு ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். அடையாள அட்டை எண் பிழையாகவோ பெயர் வேறாகவோ பதிந்திருப்பது மிகச் சாதாரணம். ஓய்வுபெறும்போது அதைத் திருத்த அலைவதைவிட இப்போதே திருத்துவது லேசு.

கடைசியில் சம்பளத்திலிருந்து வெட்டும் கழிவுப் பட்டியல். சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோவில் பணம், மரண சகாய நிதி, வங்கிக் கடன். ஒவ்வொன்றுக்கும் தொழிலாளி கையெழுத்து வைத்த தாள் இருக்க வேண்டும். இரண்டு சங்கத்துக்குச் சந்தா வெட்டுவதும், கட்டி முடிந்த முற்பணத்தை மேலும் ஒரு மாதம் வெட்டுவதும் கேட்காவிட்டால் தொடரும்.

அடிப்படையையும் கொடுப்பனவையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 30 வருடம் உழைத்தவருக்கு 1,350 படி 5,67,000 ரூபாய், 1,550 படி 6,51,000. 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் அடிப்படையாக இருந்திருந்தால் 7,35,000. அதாவது அந்த 200 ரூபாயை "வருகை" என்று பெயரிட்டதால் 30 வருடச் சேவையில் 84,000 ரூபாய் வராமல் போகிறது. சேவை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடை கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

கைக்காசு இன்னொரு பொறி. ஞாயிறுகளில், இப்போது பல இடங்களில் வார நாட்களிலும், பேர் போடாமல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கையில் கொடுக்கிறார்கள். உடனே காசு வருவதால் பிடிக்கும். கணக்குப் பாருங்கள்: 1,550 ரூபாய்ப் பேருக்குப் பின்னால் இரண்டு நிதிகளுக்கும் தோட்டம் கட்டும் 15 வீதம் 232 ரூபாய் 50 சதம். பணிக்கொடையின் 14 நாளை வருடத்து 264 வேலை நாளுக்குப் பரப்பினால் நாளுக்கு இன்னும் 82 ரூபாய். ஆகவே அந்தப் பேரின் உண்மைப் பெறுமதி 1,865 ரூபாய் அளவு. 20 கிலோ பறிக்கிறவருக்குக் கிலோ 93 ரூபாய்க்குக் குறைந்த கைக்காசு நட்டம். அரசின் 200 ரூபாயும் பேர் விழுந்த நாளுக்கே வரும் என்றால் 103 ரூபாய்க்குக் குறைந்ததெல்லாம் நட்டம். மகப்பேற்றுச் சம்பளமும் வருடாந்த விடுமுறைச் சம்பளமும் வேலை செய்த நாள் பதிவை வைத்தே வருவதால் கைக்காசு அவற்றையும் அரிக்கும்.

கம்பனிகள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு கூலி, தேயிலை விலையை ஏலம் தீர்மானிக்கிறது, கென்யாவிலும் தென்னிந்தியாவிலும் ஒருவர் இதைவிடக் கூடப் பறிக்கிறார் என்கிறார்கள். ஏலம் பற்றிச் சொல்வது உண்மை. பறிக்கும் அளவு பற்றிச் சொல்வதும் உண்மை, ஆனால் காரணம் தொழிலாளியின் கையில் இல்லை. நூறு வருடம் தாண்டிய விதைத் தேயிலைச் செடிகள் பல மலைகளில் இன்னும் நிற்கின்றன. மறுநடுகை போதவில்லை, செத்த செடியின் இடத்தில் புதிது வைக்கவில்லை. புல் வெட்டாத மலையில் குளவிக்கும் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து பறிக்கிறார்கள். சரிவும் வேறு. வெறும் செடியில் எந்தக் கை வேகமாகப் பறித்தாலும் கிலோ வராது. நாட்டின் தேயிலையில் முக்கால் பங்குக்குக் கிட்ட இப்போது சிறுதோட்டக்காரர்கள் தருகிறார்கள். தன் செடிக்கு உரம் போட்டுப் பார்க்கிறவன் கிலோ எடுக்கிறான். உற்பத்தித்திறன் பேச வேண்டுமானால் உரம், மறுநடுகை, புல்வெட்டு என்று மூன்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதட்டும்.

அவர்கள் முன்வைக்கும் மாற்றுவழி, வெளியார் உற்பத்தி முறை: குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குவது. இதில் நல்ல பக்கம் உண்டு. நேரம் நம் கையில் இருக்கும், குடும்பமாகப் பறிக்கலாம், செடியைப் பார்த்தால் பலன் நமக்கு. கையெழுத்து வைக்கும் முன் சில விஷயங்களை உறுதி செய்ய வேண்டும். நிரந்தர வேலையிலிருந்து விலகும் கடிதம் கேட்டால் கொடுக்காதீர்கள், அதுவரைக்குமான சேவையின் பணிக்கொடையை எழுத்தில் தீர்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்து வேண்டாம். கிலோ விலை எதை வைத்து மாறும், ஏல விலை இறங்கினால் எவ்வளவு வரை இறங்கும் என்று தாளில் இருக்க வேண்டும். உரம், மருந்து, போக்குவரத்துக்கு எவ்வளவு வெட்டுவார்கள், விலைச்சீட்டைக் காட்டுவார்களா? சேமலாப நிதி தொடருமா? லயத்து வீட்டில் இருக்கும் உரிமை இதோடு கட்டப்பட்டிருக்கிறதா? எந்த மலையைக் கொடுக்கிறார்கள் என்பதையும் போய்ப் பாருங்கள், கைவிட்ட மலையைப் பிரித்துக் கொடுத்தால் முதல் இரண்டு வருடம் செலவுதான்.

தகராறு வந்தால் எப்படிப் போவது? தோட்டத் தலைவர் வழியாக எழுத்தில் நிர்வாகத்துக்கு, பதில் இல்லையென்றால் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதிக்கு, அங்கும் நகராவிட்டால் ஹட்டன், நுவரெலியா போன்ற இடங்களில் உள்ள தொழில் அலுவலகத்துக்கு. சங்கம் இல்லாதவரும் நேரே தொழில் அலுவலகம் போகலாம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கொப்பியின் அந்த மாதங்களின் நகல், அடையாள அட்டை, சேமலாப நிதி அங்கத்துவ எண் ஆகியவை போதும். "சம்பளம் குறைவாகத் தருகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பு தூங்கும். "மார்ச் மாதம் 22 நாள் வேலை செய்தேன், 14 முழுப்பேர், 8 அரைப்பேர் போட்டார்கள், குறைவு 6,200 ரூபாய்" என்று எழுதினால் அதிகாரி தோட்டத்துச் செக்ரோலை (வேலைப் பதிவேட்டை) கேட்க வேண்டியிருக்கும். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய மன்றத்துக்குப் போக ஆறு மாதம் மட்டுமே இருக்கிறது, தோட்டத்தோடு சமாதானம் பேசிக்கொண்டே அந்த ஆறு மாதத்தைத் தாண்டவிட்டவர்கள் அதிகம்.

அடுத்த சம்பளப் பேச்சில் சங்கங்கள் 2,000 ரூபாய் கேட்பதா 2,500 கேட்பதா என்பதைவிட, வர்த்தமானியில் மூன்று வரி சேரும்படி கேட்பது தொழிலாளிக்கு அதிகம் தரும். மாதத்துக்குக் குறைந்தது 25 நாள் வேலை, கொடுக்காத நாளுக்கும் சம்பளம். மலை வாரியாகத் தலைவரும் துரையும் (தோட்ட மேலாளரும்) கையெழுத்திட்ட கிலோப் பட்டியல், அது இல்லாத மலையில் அரைப்பேர் போடத் தடை. எந்தப் பெயரில் கொடுத்தாலும் நாளாந்தத் தொகை முழுவதுக்கும் சேமலாப நிதியும் பணிக்கொடையும். சம்பள நிர்ணய சபையில் முதலாளி, தொழிலாளி இரு தரப்புக்கும் சம இடம் இருக்கிறது. முன்மொழிவு வர்த்தமானியில் வந்த பிறகு ஆட்சேபனைக்குக் கால அவகாசமும் தருகிறார்கள். கம்பனிகள் அந்த நாட்களில் சட்டத்தரணிகளை வைத்து எழுதி அனுப்புகின்றன. தோட்டங்களிலிருந்து தராசு, கிலோ, அரைப்பேர் கணக்கோடு எழுதிய கடிதங்களும் அதே நாட்களுக்குள் கொழும்பு தொழில் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தேவையான எண்கள் அந்தக் கொப்பியில் இருக்கின்றன.